சடுகுடுவில் மூச்சு முடியும் இடம்

அன்புள்ள தம்பி,

இந்த அகால நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள். பகலில் எழுதியிருக்கலாம்தான். ஆனால் பகலில் கயல் என் முந்தானையை விட்டு நகர்வதில்லை, பள்ளிக்கூடத்துத் தாள்கள் கட்டுக் கட்டாகத் திருத்தக் கிடக்கின்றன, உங்கப்பா பூப்பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்று என்னையும் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போகிறார். எல்லாரும் படுத்த பிறகுதான் இந்த மேசை எனக்குக் கிடைக்கிறது. போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், வைத்த கையோடு உன் இஷ்டப்படி செய்வாய். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது பார், அதற்காகத்தான் இந்தப் பேனா. காலையில் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பிவிடுவேன். என் கையெழுத்தைக் கேலி செய்யாமல் கடைசி வரை படி.

கயலின் ஈரல் பரிசோதனை முடிவு இன்று வந்ததைச் சாயங்காலமே சொல்லிவிட்டேன். குணப்படுத்தக்கூடிய நோய்தான், ஈரல் இன்னும் கெட்டுப் போகவில்லை என்று சொன்னதும் நீ அழுதாய். அதற்குப் பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நீ சொன்னாய் பார், "இருந்தாலும் வெள்ளிக்கிழமை திருச்சிக்குப் போயி ஏஜென்டுக்கிட்ட பாஸ்போர்ட்டக் குடுத்துட்டு வாரேம்மா" என்று, அந்த ஒரு வாக்கியந்தான் என்னைத் தூங்கவிடவில்லை. கோயம்புத்தூரில் நீ அத்தனை பாடுபட்டு வாங்கிய மேற்படிப்பு இடத்தை விட்டுவிட்டுக் குவைத்தில் ஏதோ ஒரு கிடங்கில் வேலை பார்க்கப் போகிறாய், தங்கச்சி மருத்துவத்துக்காக. இங்கே நடந்ததெல்லாம் உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். முழுசாகத் தெரிந்துகொண்டு அதற்குப் பிறகு முடிவு செய்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குத் தெரியும். உன்னைப் பெற்றபோது எனக்குப் பத்தொன்பது வயது. கல்லூரிக் கடைசித் தேர்வு நடந்தபோது நீ கைக்குழந்தை. கல்லூரி வாசலில் உங்கப்பா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். நீ அழுவது உள்ளே எனக்குக் கேட்கும், அல்லது கேட்பது மாதிரி இருக்கும். இப்போதும் நாம் இருவரும் பஸ் ஸ்டாண்டில் நின்றால் யாராவது "அக்காவா தம்பி?" என்று கேட்கிறார்கள். நீ முறைக்கிறாய், எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கிறது. ஆனால் அந்த வயதில் தாயானவளுக்குப் பிள்ளை வளர்ப்பு என்றால் பயம் ஒன்றுதான். நீ அசையாமல் தூங்கினால் போதும், மூக்குக்கு அடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். காற்று பட்டால்தான் உயிர் வரும். உங்கப்பா விழித்துக்கொண்டு, "அது நல்லாத்தான் மூச்சு விடுது. நீ கொஞ்சம் மூச்சு விடு" என்பார். கயல் பிறந்தபோது இந்தப் புத்தி போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயதாகியும் இன்றைக்குக்கூட விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுத வந்தேன்.

அவளுக்கு முதல் தடவை கண் மஞ்சளித்தபோது நாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், பத்தியம் இருந்தாள், தெளிந்துவிட்டது. நீ கோயம்புத்தூர் போன பிறகு மறுபடியும் வந்தது. இந்த முறை தெளியவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், தொற்று எதுவும் இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள், அதிலும் பிடிபடவில்லை. ஆனால் ஈரல் உள்ளே வெந்துகொண்டிருக்கிறது என்று ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையும் சொன்னது. திருச்சியில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். ஈரலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தால்தான் எந்த மருந்து என்று தெரியும், குழந்தை என்பதால் மயக்கம் கொடுத்துச் செய்வோம், இரண்டு நாள் தங்க வேண்டும் என்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், குறை சொல்வதற்கில்லை. செலவைச் சொன்னபோது உங்கப்பா அவர்கள் மேசையில் இருந்த பேனாத் தாங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ் கீரனூர் தாண்டியதும், "பூக்கொல்லைய யாரு கேப்பா?" என்றார். கொல்லையை விற்கத் துணிந்துவிட்டார் என்று புரிந்தது.

நம் ஊர் அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா இதைச் செய்கிறார் என்று எங்கள் பள்ளிக்கூடக் கணக்கு டீச்சர்தான் சொன்னாள். அவள் மாமனாருக்குச் செய்திருக்கிறார்கள். போனோம். கூட்டம் என்றால் கூட்டம். எங்கள் முறை வந்ததும் டாக்டரம்மா எல்லாத் தாளையும் நிதானமாகப் புரட்டினார். நான் வாயைத் திறக்கிறதுக்குள் உங்கப்பா, "இதுக்குப் பெரிய மிஷின்லாம் வேணும்னு சொன்னாங்கம்மா, இங்கிட்டு இருக்குங்களா?" என்று கேட்டுவிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் கோபப்படவில்லை. "மிஷின் வேணாங்கய்யா. நாலு விஷயம் சரியா இருக்கணும். ரத்தம் ஒழுங்கா உறையணும். எந்த எடத்துல குத்துறதுன்னு ஸ்கேன்ல பாத்துப் பேனாவால குறி போட்டுக்கணும். குத்துற அந்த நொடி பிள்ள மூச்ச நிறுத்தணும். முடிஞ்சப்புறம் சாயங்காலம் வரைக்கும் யாராச்சும் கண்ண எடுக்காமப் பாத்துக்கணும். ஊசி சாதாரண ஊசிதான், பின்னால சிரிஞ்ச மாட்டி உறிஞ்சி எடுக்குறது" என்றார். பக்கத்தில் நின்ற சிஸ்டர், "கண்ண எடுக்காமப் பாக்குறதுக்கு ஒங்களுக்கு ஆளு பஞ்சமில்ல போலருக்கே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அப்போதே கயலின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேனாம்.

டாக்டரம்மாவிடம் எனக்குப் பிடித்தது ஒன்று. அவர் எதையும் மூடி மறைத்துப் பேசவில்லை. "ஒன்னுமே ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். ரொம்ப அபூர்வமா உள்ள ரத்தம் கசியலாம். அதுக்குத்தான் ரத்தம் எடுத்து வச்சிக்கிட்டு, சர்ஜன் இருக்குற நாளாப் பாத்து, காலையிலயே செய்யிறது. உறையிற அளவு சரியில்லன்னா செய்யவே மாட்டேன், பெரிய எடத்துக்கு அனுப்பிருவேன்" என்றார். உறையும் அளவு முதலில் சரியாக இல்லை, தம்பி. வைட்டமின் ஊசி போட்டு, மறுபடி பார்த்து, அது சரியாக வந்த பிறகுதான் நாள் குறித்தார். குறித்த நாள் செவ்வாய்க்கிழமை. "செவ்வாயில போயி பிள்ள ஒடம்புல குத்தறதா?" என்று உங்கப்பா முணுமுணுத்தார். "சர்ஜன் செவ்வாயிலதாங்க இருக்காரு" என்றேன். "அப்பன்னா செவ்வாய் நல்ல நாளுதான்" என்று உடனே மாறிவிட்டார். ரத்தம் கொடுத்ததும் அவர்தான். கொடுத்துவிட்டு வந்து, அவர்கள் தந்த பிஸ்கட்டைக் கயலுக்கென்று பையில் போட்டுக்கொண்டார்.

மூச்சடக்க வேண்டும் என்று நான் போனில் சொன்னதும் நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "மூச்சடக்குறதா? அதுல நம்ம கயல அடிச்சிக்க ஆளு கெடையாது." நானும் அப்படித்தான் நினைத்தேன். நார்த்தாமலைப் பாறையடிக் கிணற்றில் நீ அவளுக்கு முங்கு நீச்சல் பழக்கியது நேற்று மாதிரி இருக்கிறது. நீ படியில் உட்கார்ந்துகொண்டு சத்தமாக எண்ணுவாய், அவள் உள்ளே கிடப்பாள், நான் மேட்டில் நின்று கத்திக்கொண்டிருப்பேன். அத்தனை நேரம் தண்ணீருக்குள் கிடந்தவளுக்கு இது ஒரு வேலையா? டாக்டரம்மா ஒத்திகை பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டபோது நாங்கள் கோயிலுக்குப் போகிற மாதிரி நிம்மதியாகப் போனோம்.

ஸ்கேன் அறையில் அவளைப் படுக்க வைத்து, வலது பக்க விலாவில் கருவியை வைத்து, "எங்க, மூச்ச நிறுத்து" என்றார். உன் தங்கச்சி நெஞ்சு கொள்ளுமட்டும் காற்றை இழுத்து, கன்னம் இரண்டையும் பூரி மாதிரி உப்பி, கண்ணை மூடிக்கொண்டு பெருமையாகக் கிடந்தாள். திரையில் ஈரல் தெரிந்த இடத்தின் மேல் நுரையீரல் கறுப்பாகத் திரை இறக்கிய மாதிரி வந்து மூடிக்கொண்டது. அந்த நேரம் ஊசி உள்ளே போனால் நுரையீரலில்தான் குத்தும். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "யாருடி ஒனக்கு நீச்சல் கத்துக் குடுத்தது?" "எங்கண்ணே." "ஒங்கண்ணே நல்லாத்தான் கத்துக் குடுத்துருக்கான். ஆனா இங்க அப்படியே தலகீழு. காத்த முழுசா வெளிய விட்டுட்டு, ஒன்னுமில்லாத வெறும் நெஞ்சோட நிக்கணும்." அவள் மறுபடி முயன்றாள். வெளியே விட்டாள், ஆனால் "நிறுத்து" என்ற சொல் காதில் விழுந்ததும் லபக்கென்று இழுத்துக்கொண்டாள். எத்தனை தடவை சொன்னாலும் அதேதான். கிணற்றில் விழுகிற பிள்ளையின் உடம்பு அப்படிப் பழகிவிட்டது. பத்தாம் வகுப்புக்கு வருஷா வருஷம் உதரவிதானம் படம் போட்டு, மூச்சை இழுத்தால் அது கீழே இறங்கும் என்று பாடம் நடத்துகிறவள் நான். பிள்ளையை "நல்லா இழுத்துப் புடி, நல்லா இழுத்துப் புடி" என்று வீட்டில் பழக்கிக் கூட்டிக்கொண்டு போனவளும் நான்தான்! டாக்டரம்மா கடைசியில் சொன்னார்: "அடுத்த வாரம் வரைக்கும் பழக்கிப் பாருங்க. வரலன்னா மயக்கம் குடுத்துத்தான் செய்யணும். சின்னப் பிள்ளைக்கு அந்த வசதி இங்க இல்ல. திருச்சிக்கே எழுதித் தந்துர்றேன்."

அன்றைக்குச் சாயங்காலம் உன்னிடம் அழுதுகொண்டே சொன்னேன். அன்றைக்குத்தான் நீ ஏஜென்டு பேச்சை எடுத்தாய். "பழக்குறதெல்லாம் ஆகாதும்மா. திருச்சியிலயே செஞ்சிருவோம். நான் போறேன், ரெண்டு வருஷத்துல எல்லாத்தையும் அடைச்சிரலாம்." நீ அப்படிச் சொன்னபோது எனக்கு உங்கப்பா மஸ்கட்டுக்குக் கிளம்பியது ஞாபகம் வந்தது. அப்போது உனக்குப் பேச்சு வந்துகொண்டிருந்தது. ஒரு வருஷம் மழை ஏமாற்றியதும் பயந்து போய்க் கிளம்பினார். கொஞ்சம் யோசித்திருந்தால் வேறு வழி இருந்திருக்கும், யோசிக்கிற நிலையில் நாங்கள் இல்லை. நீ போனை அப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தாய். அவர் திரும்பி வந்து வாசலில் நின்றபோது என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அப்பா பேசுற போனு எங்க?" என்று கேட்டாய். அவர் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்தார். பெட்டியைத் திறக்கிற சாக்கில் வெகுநேரம் குனிந்தே இருந்தார். அயல்நாடு போவது தப்பு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நம் தெருவில் பாதி வீடு அப்படி எழும்பியதுதான். ஆனால் அதற்கென்று திட்டமிட்டுப் போகிறவன் வேறு, அரண்டுபோய் ஓடுகிறவன் வேறு.

பழக்கத் தொடங்கினோம். நான் பலூன் வாங்கி வந்தேன், ஊதி முடித்ததும் நிறுத்தச் சொன்னேன். ஊதி முடித்ததும் வாயை எடுத்து ஆவென்று இழுத்தாள். உங்கப்பா பக்கத்துவீட்டு விசிலை வாங்கி வந்தார், தெருநாய்கள் கூடியதுதான் மிச்சம். நான் கரும்பலகைப் படம் போட்டு விளக்கினேன். "அம்மா, நீ டீச்சரா இருக்காத. எனக்கு எரிச்சலா வருது" என்று கத்திவிட்டுப் போனாள். ஏற்கெனவே அவளுக்குக் கோபம். பள்ளிக்கூடக் கபடிக் குழுவில் இருந்து அவளை நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன், உடம்பு சரியாகிற வரைக்கும் மேலே யாரும் விழக்கூடாது என்று. தெருப்பிள்ளைகள் வாசலில் கோடு கிழித்து விளையாடும்போது இவள் படியில் உட்கார்ந்து, அவர்களோடு சேர்ந்து வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்தவள் திடீரென்று அடுப்படிக்கு ஓடி வந்தாள். "அம்மா, சடுகுடு பாடிக்கிட்டே போவோம்ல. தொட்டுட்டுத் திரும்புறப்ப மூச்சு சுத்தமா முடிஞ்சிரும். கோட்டுக்கு இன்னும் ஒரு எட்டு இருக்கும். மூச்ச இழுத்தா அவுட்டு. அப்ப உள்ள ஒன்னுமே இல்லாம ஒரு தாவு தாவுவோம். டாக்டரம்மா கேக்குறது அந்த எடமா?"

கையில் கரண்டியோடு நின்றேன். அந்த இடமேதான். அதற்குப் பிறகு பழக்க என்ன இருக்கிறது! பாயில் படுத்துக்கொண்டு கபடி கபடி என்று பாடி, பாட்டு தேய்ந்து முடிந்ததும் அப்படியே நிற்பாள். இழுத்தால் அவுட்டு என்ற ரோஷம் நான் சொன்ன எந்தப் பாடத்தையும்விடக் கெட்டியாக அவளைப் பிடித்து நிறுத்தியது. உங்கப்பா வேண்டுமென்றே வேடிக்கை காட்டுவார், சிரிக்க வைப்பார். ஊஹூம். அடுத்த ஒத்திகையில் டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே, "இது எங்க புடிச்ச?" என்றார். "எங்க பி.டி. மிஸ்ஸு" என்றாள் இவள். நானும் உங்கப்பாவும் விசிலும் பலூனும் கணக்கிலேயே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் என்னை உள்ளே விட்டார்கள், தலைமாட்டில் நிற்கலாம் என்று. கயல் மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்கு மேல் வைத்திருந்தாள். ஸ்கேனில் பார்த்துப் போட்ட பேனாக் குறி விலா எலும்புகளுக்கு நடுவே நீலமாகத் தெரிந்தது. மருந்து தடவினார்கள், மரத்துப் போக ஊசி போட்டார்கள், அதற்கு மட்டும் முகத்தைச் சுளித்தாள். டாக்டரம்மா பெரிய ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, "பாடு தாயி" என்றார். அவள் பாடினாள். அந்தச் சின்ன அறையில் கபடி கபடி என்று அவள் குரல் முதலில் கணீரென்று வந்தது, பிறகு இறங்கி, இறங்கி, நூல் மாதிரி ஆகி, நின்றது. சிஸ்டர் நின்றார், நான் நின்றேன், மின்விசிறி மட்டும் சுற்றியது. நீங்கள் இரண்டு பேரும் பிறந்த நாளிலிருந்து மூச்சு வருகிறதா வருகிறதா என்று பார்த்தே பழகியவள், அன்றைக்கு என் பிள்ளையின் மூச்சு வரக்கூடாது, இன்னும் ஒரு நொடி வரக்கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டு நின்றேன். டாக்டரம்மாவின் கை போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. "ம், விடு" என்றார். கயல் பெரிதாக இழுத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "நான் அவுட்டா?" "இல்லடி. தொட்டுட்டு வந்துட்ட" என்றார் டாக்டரம்மா.

எடுத்ததைக் காட்டினார்கள். ஒரு சேமியாத் துண்டு, அவ்வளவுதான். அதைச் சின்னப் பாட்டிலில் மருந்துத் தண்ணீரில் போட்டு மூடினார்கள். அதன் பிறகுதான் என் வேலை. வலது பக்கம் ஒருக்களித்து அசையாமல் படுக்க வேண்டும், தன் பாரத்திலேயே அந்த இடம் அமுங்கியிருக்க. சிஸ்டர் வந்து வந்து நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், எழுதினார். நடுவில் கயல், "அம்மா, வலது தோள் வலிக்குது" என்றாள். குத்தியது விலாவில், வலிக்கிறது தோளில் என்றால் உள்ளே என்னமோ ஆகிவிட்டது என்று நான் வார்டு அதிர ஓடினேன். சிஸ்டர் அமைதியாக வந்து, நாடி, அழுத்தம், வயிறு எல்லாம் பார்த்து, டாக்டரம்மாவுக்கும் போனில் சொல்லிவிட்டு, "ஈரல் வலிய தோளுதாங்க சொல்லும். காலையிலயே டாக்டர் ஒங்ககிட்ட சொன்னாங்கல்ல?" என்றார். சொல்லியிருந்தார். பயத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் மனதில் நிற்கவில்லை. அடுத்த கட்டில் அம்மா, "ஒக்காருத்தா. நீ ஓடுற ஓட்டத்துல ஒனக்குத்தான் பிரஷர் பாக்கணும் போலருக்கு" என்றாள். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன், அழுகையும் அதோடு வந்துவிட்டது. சாயங்காலம் டாக்டரம்மா நேரில் வந்து பார்த்து, எழுந்து உட்காரலாம் என்றார். உட்கார்ந்ததும் உன் தங்கச்சி கேட்டது சேமியாப் பாயசம். அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை, எனக்குத்தான் சேமியாப் பொட்டலத்தைப் பார்த்தாலே என்னமோ செய்கிறது.

சதையைப் பார்த்துச் சொல்லும் டாக்டர் தஞ்சாவூரில். மருத்துவமனை வண்டி போக இரண்டு நாள் ஆகும், அதுவரைக்கும் பாட்டில் கெட்டுப்போகாது என்றார்கள். உங்கப்பாவுக்குப் பொறுக்கவில்லை, தானே கொண்டு போகிறேன் என்று கேட்டு, கடிதமும் பாட்டிலும் வாங்கிக்கொண்டு மறுநாள் பஸ் ஏறிவிட்டார். பையை மேலே பலகையில் வைக்காமல், காலடியிலும் வைக்காமல், மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் பார்த்துவிட்டு, "என்னண்ணே, நகையா?" என்று கேட்டிருக்கிறார். இவர், "எம் மக" என்று சொல்லியிருக்கிறார். வேறெதுவும் வாயில் வரவில்லையாம். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொல்லிவிட்டு அவரே சிரிக்கிறார். உன்னிடம் சொல்லக்கூடாது என்றார். அதனால் எழுதுகிறேன்.

இன்றைக்கு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரம்மா விளக்கினார். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே ஆள் தெரியாமல் ஈரலைத் தாக்குகிற நோய். தழும்பு விழத் தொடங்கும் முன்னாலேயே பிடித்துவிட்டோம். மாத்திரை நெடுநாள் சாப்பிட வேண்டும். முதல் சில மாதம் முகம் உப்பலாம், பசி எடுக்கும். மாத்திரையை நிறுத்தினால் திரும்ப வரலாம் என்பதால் அவர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தக்கூடாது. மாத்திரை அங்கேயே தருகிறார்கள், தம்பி. மாதத்துக்கொரு தடவை ரத்தம் பார்ப்பதும் அங்கேயேதான். நீ குவைத்துக்குப் போய்ச் சம்பாதித்துக் கட்ட வேண்டிய கட்டணம் எதுவும் இங்கே காத்திருக்கவில்லை. பூக்கொல்லை நம்மிடமே இருக்கிறது. நாளைக்கு மல்லிகை எடுக்க வேண்டும் என்று உங்கப்பா அலாரம் வைத்துவிட்டுத்தான் படுத்திருக்கிறார். எனக்கு இத்தனை மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் சோறு ருசித்தது. பயம் போய்விட்டதா என்று கேட்காதே, அது என் கூடப் பிறந்தது. ஆனால் பயம் இருக்கிற இடத்திலேயே சந்தோஷமும் உட்கார இடம் இருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

உன்னைப் பற்றித்தான் இப்போது யோசனை. ஏதாவது வந்துவிட்டால் முழுப் பாரத்தையும் நெஞ்சுக்குள் இழுத்து அடைத்துக்கொண்டு ஒரே முங்காக முங்குகிறவன் நீ. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அப்பா இல்லாத வருஷங்களில் வீட்டுக்கு நீதான் ஆம்பிளை என்று யாரோ விளையாட்டாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டாய் என்று நினைக்கிறேன். அன்றைக்கே அதை நான் மறுத்துச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன். வீட்டுக்கு ஆள் இருக்கிறோம். நீ உன் படிப்பை முடி. முடித்த பிறகு குவைத் என்ன, எங்கே வேண்டுமானாலும் போ, நானே முறுக்கு சுட்டுக் கட்டித் தருகிறேன். இந்த வெள்ளிக்கிழமை மட்டும் இழுத்துப் பிடித்த மூச்சை வெளியே விடு. பொங்கலுக்கு வரும்போது கயல் உனக்குப் பாய் போட்டுப் படுக்க வைத்து எப்படி என்று சொல்லித் தருகிறாளாம். "அண்ணனுக்கு வராதும்மா, அது மொத வாட்டியே அவுட்டு" என்று இப்போதே சவால் விடுகிறாள். கிணற்றுக்கு இப்போதைக்கு அனுமதி இல்லை, டாக்டரம்மா சொல்கிற வரைக்கும் இரண்டு பேரும் மேட்டிலேயே உட்கார்ந்திருங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. வியாழக்கிழமைக்குள் எனக்கு எழுது. நீளமாக வேண்டாம். பாஸ்போர்ட் உன் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்று ஒரு வரி போதும். சீக்கிரம் எழுது, தம்பி.

அம்மா